சுவரில் இழுத்த கரிக்கோடு

கடந்த செமஸ்டர் விடுமுறைக்குத் தங்காக் திரும்பியபோது என் பையில் இரண்டு நாவல்கள் இருந்தன. ஒன்று ஆங்கிலம், லோயிஸ் லௌரி எழுதிய ‘தி கிவர்’. மற்றொன்று தமிழ், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. முதலாவது நானாகத் தேடி வாங்கியது. இரண்டாவதைப் பல்கலைக்கழக விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் அக்கா ஒருவர் என் கையில் திணித்து அனுப்பினார். “தமிழ்ல இந்த மாதிரிக் கதையெல்லாம் ஏதுக்கா?” என்று நான் ஒருநாள் கேட்டிருந்தேன். அதற்கு அவர் தந்த பதில்தான் அந்தப் புத்தகம்.

என் கேள்வியில் கொஞ்சம் திமிரும் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான் நான். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு பாடமெல்லாம் மலாய், பொழுதுபோக்கெல்லாம் ஆங்கிலம் என்று ஆகிவிட்டது. படிவம் 3இல் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ படித்துவிட்டு இரண்டு நாள் தூங்காமல் கிடந்தேன். அதன் பிறகு இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் கதை எது கிடைத்தாலும் விடுவதில்லை. கொடுமையான ஓர் அரசாங்கம், அதை எதிர்த்து நிற்கும் என் வயதுப் பெண் ஒருத்தி. இது போதும், சாப்பாடுகூட வேண்டாம் எனக்கு.

இளையோர் இத்தகைய கதைகளை ஏன் இப்படி விரும்பிப் படிக்கிறோம்? அந்த விடுமுறையில் இதற்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அதைச் சொன்னவர் தொண்ணூறைத் தாண்டிய என் அத்தைப் பாட்டி.

கதைகளில் வரும் ஆட்சி

இந்த வகைக் கதைகளில் வரும் ஆட்சியாளர்கள் துப்பாக்கியை மட்டும் நம்புவதில்லை. மக்கள் மனத்திற்குள் புகுந்துவிட்டால் துப்பாக்கிக்கு வேலையே இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

1949இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் ‘உண்மை அமைச்சு’ என்று ஒன்று உண்டு. பழைய நாளிதழ்களில் இருப்பதை இன்றைய அரசுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவதுதான் அங்கே வேலை. அகராதியிலிருந்து சொற்களையும் குறைத்துக்கொண்டே வருவார்கள். ‘விடுதலை’ என்ற கருத்தைச் சொல்ல ஒரு சொல்லே இல்லாமல் போனால், அதை எப்படிக் கேட்பது?

1993இல் வந்த ‘தி கிவர்’ இன்னும் மென்மையாகத் தொடங்கும். அந்த ஊரில் சண்டை இல்லை, பசி இல்லை, வலி இல்லை. நிறங்களும் இல்லை. ஆளுக்கு என்ன வேலை என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். ஊரின் பழைய நினைவுகள் முழுவதையும் ஒரே ஒரு முதியவர் சுமக்கிறார். ஜோனஸ் என்ற 12 வயதுச் சிறுவனிடம் அவற்றை ஒப்படைக்கத் தொடங்கும்போதுதான், தங்களிடமிருந்து எவ்வளவு பறிக்கப்பட்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிய வருகிறது.

தமிழில் ஒரு ஜீவா

சுஜாதா இந்தக் களத்தில் 1980களிலேயே நடந்து போய்விட்டார். ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது அவருக்கு அப்போது தூரத்தில் இருந்த எதிர்காலத்தில், அதாவது நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கும் 2020களில். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். மக்களுக்கு இரண்டு எழுத்துப் பெயர்தான் அனுமதி. நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவனைத் தேடப் போகும் சாதாரணக் குடும்பப் பெண்ணான நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். அது பேசும், புத்தகம் படிக்கும், யோசிக்கும். மனிதர்கள் கேட்க மறந்த கேள்விகளை அந்த நாய் கேட்கும்.

ஜீவா யார் என்பதுதான் கதையின் பெரிய முடிச்சு. அதை இங்கே அவிழ்த்து உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன் தொழிலால் பொறியியலாளர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. மக்கள் தங்கள் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் இயந்திரத்தில் கைவைத்த அதே மனிதர், மக்கள் தேர்ந்தெடுக்கவே மறந்துபோன ஒரு நாட்டையும் கற்பனை செய்திருக்கிறார்.

என் பெயர் நான்கு எழுத்து. ஜீவாவின் நாட்டில் எதை வெட்டுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அம்மா ஆசையாகச் சேர்த்த பின்பாதிதான் போகும். படிக்கும்போது சிரித்துவிட்டேன்.

“இது நடந்ததுதானே, கண்ணு”

அத்தைப் பாட்டி, என் தாத்தாவின் தங்கை. கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். மாலையில் ஐந்தடியில் உட்கார்ந்துகொண்டு, “என்னா கண்ணு அவ்ளோ நேரமா படிக்கிற? எனக்கும் சொல்லு” என்றார். லேடாங் மலை மேல் மழை கறுத்து நின்ற ஒரு மாலை. நான் கதையைச் சொன்னேன். இரண்டு எழுத்துப் பெயர், எல்லாரும் ஒருவரையே வணங்குவது, கணவன் காணாமல் போவது.

கேட்டுவிட்டுப் பாட்டி சாதாரணமாகச் சொன்னார். “இது கதையா? இது நடந்ததுதானே, கண்ணு. சப்பான்காரன் காலத்துல.”

1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. ஜனவரியில் மூவாரில் கடும் போர். அப்போது தங்காக், மூவார் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. இந்த அளவு வரலாறு எனக்கும் பாடப் புத்தகத்தில் வந்தது. நாள்களை மனப்பாடம் செய்தேன், தேர்வில் எழுதினேன், மறந்தேன். பாட்டிக்கு அப்போது 8 வயது. சாகில் போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அவர் சொன்னவை பாடத்தில் இல்லாதவை.

முதலில் கடிகாரம் மாறியது. மலாயா முழுவதும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டது. பழைய நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். மணி 6 என்று பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டால், வானத்தில் அது விடிகாலை 4.30. “சேவலே கூவலையே, அதுக்குள்ள என்ன ஆறு மணின்னு எங்கப்பா திட்டும்” என்றார் பாட்டி. ஆண்டும் மாறியது. 1942 என்பது ஜப்பானியக் கணக்கில் 2602. சிங்கப்பூருக்குச் ‘சியோனான்’ என்று புதுப் பெயர். வாழைமரம் அச்சடித்த தாள்தான் பணம்.

பிறகு பள்ளிக்கூடம். காலையில் கிழக்கே திரும்பி நின்று தலைகுனிய வேண்டும். அந்தத் திசையில்தான் ஜப்பானியச் சக்கரவர்த்தி இருக்கிறார். “நான் சூரியனைக் கும்புடுறோம்னுதான் நெனச்சேன்” என்று சிரித்தார் பாட்டி. ஜப்பானிய மொழி, ஜப்பானியப் பாட்டு, உடற்பயிற்சி. பாட்டியிடம் கேட்டேன், இப்போதும் நினைவிருக்கிறதா என்று. “இச்சி, நி, சான்…” என்று பத்து வரை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் எண்ணினார். காலையில் மாத்திரை போட்டாரா இல்லையா என்பது நினைவில்லாதவர்! 8 வயதில் மனத்திற்குள் ஏற்றியது 80 ஆண்டு கடந்தும் இறங்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிறுவர்களை முதலில் பிடிக்க வேண்டும் என்று கதையில் வரும் ஆட்சிகள் நினைப்பது இதனால்தான்.

பெயர் விஷயமும் கற்பனை இல்லை. ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவில் 1940 முதல் மக்கள் தங்கள் குடும்பப் பெயரை ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டார்கள். அதற்கு 40 ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான் சுஜாதா நாவலில் பெயர்களை வெட்டினார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எல்லாரும் ஜப்பானியரை வெறுக்கவில்லை. ‘ஆசியா ஆசியருக்கே’ என்ற முழக்கம் வந்தபோது, வெள்ளைக்காரத் துரையிடம் உதை வாங்கியவர்களுக்கு அது இனித்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு பாட்டியின் சித்தப்பா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். அவர்கள் நம்பிய விடுதலை பொய்யில்லை. ஆனால் அதே நேரத்தில் அதே ஆட்சி சயாம் ரயில் பாதைக்கும் ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. மனத்தைப் பிடிக்க வருபவர்கள் முழுப் பொய்யோடு வருவதில்லை. நம் உண்மையான கோபத்தைக் கண்டுபிடித்து அதன் மேல் ஏறி உட்காருகிறார்கள்.

பாட்டியின் மூத்த அண்ணனுக்கு அப்போது 19 வயது. என்னைவிட ஒரு வயது சின்னவர். “மூனு மாசம் வேலை, நல்ல சம்பளம், அரிசி உண்டு” என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை அது. பல்லாயிரம் மலாயாத் தமிழர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. 1943 அக்டோபரில் பாதை வேலை முடிந்தது. ஆனால் பிழைத்திருந்தவர்களில் பலர் பராமரிப்பு வேலைக்கென்று அங்கேயே வைக்கப்பட்டார்கள். நம் நாட்டு எழுத்தாளர்கள் ஆர். சண்முகம் ‘சயாம் மரண இரயில்’ நாவலிலும் அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலிலும் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். ‘தமிழில் ஏது’ என்று கேட்ட நான் இரண்டையும் அதுவரை தொட்டதில்லை.

அண்ணன் போன மாதம் பாட்டியின் அம்மா அடுப்புக் கரியை எடுத்து லயத்துச் சுவரில் ஒரு கோடு இழுத்தார். அடுத்த மாதம் இன்னொன்று. மூன்று கோடு ஆனது. கிராணி வந்து, “எல்லாரும் சுகமா இருக்காங்களாம், சீக்கிரம் வந்துடுவாங்க” என்றார். நான்காவது கோடு. மீண்டும் அதே பேச்சு. ஐந்தாவது. “எழுதப் படிக்கத் தெரியாது எங்கம்மாவுக்கு. ஆனா அவன் சொன்ன மூனு மாசத்த மறக்கல. யாராச்சும் வந்து ‘வந்துடுவான்’னு சொன்னா, பேசாம செவுத்தக் காட்டும்.”

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது சுவரில் 28 கோடுகள். அண்ணன் வரவில்லை. பிறகு லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கோடுகள் மறைந்தன.

வானொலியின் பெயர் ஜோசப்பின்

இதையெல்லாம் கேட்ட பிறகு, அந்தக் காலத்தில் எதிர்த்து நின்றவர்களைப் பற்றித் தேடினேன். கதாநாயகி போன்ற ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். சிபில் கார்த்திகேசு. 1899இல் மேடானில் பிறந்தவர், தாதி. கணவர் கார்த்திகேசு மருத்துவர், இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்தவர். போர் வந்ததும் ஈப்போவிலிருந்து பாப்பானுக்குக் குடிபெயர்ந்து, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியவர்களுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்தார்கள்.

அவர் செய்த இன்னொரு ‘குற்றம்’ வானொலி கேட்டது. சிற்றலை வானொலிக்குத் தடை இருந்த காலம். ஜப்பானியர் சொல்வது மட்டுமே செய்தி. சிபில் ஒரு வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்து, அதற்கு ‘ஜோசப்பின்’ என்று பெயரும் வைத்து, பிபிசி கேட்டு நம்பிக்கையானவர்களுக்குச் செய்தி சொன்னார். 1943இல் பிடிபட்டார். கெம்பித்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரைச் சித்திரவதை செய்தனர். அவருடைய சிறு மகள் டாவ்னை நெருப்புக்கு மேல் தொங்கவிட்டு மிரட்டினர். அப்போதும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போருக்குப் பின் பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. சித்திரவதைக் காயங்களிலிருந்து மீளாமலே 1948இல் இறந்தார். அவர் எழுதிய ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ 1954இல் நூலாக வந்தது.

ஒரு தாதி செய்தி கேட்பதற்கு இவ்வளவு தண்டனை ஏன்? அந்த ஆட்சிக்கு அதுதான் பயம். இரண்டாவது குரல் ஒன்றைக் கேட்டவர்கள், முதல் குரலைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பத்து வினாடி

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு வசதி. கெட்டவர்கள் எல்லாம் பழைய காலத்தவர்கள், நான் நிலாவின் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது.

நான் எஸ்டிபிஎம் படித்துக்கொண்டிருந்தபோது புலனத்தில் ஒரு படம் வந்தது. பள்ளிக்கூடம் பக்கம் ஒரு லாரி, அதன் அருகில் ஓர் ஆடவர். ‘பிள்ளைகளைக் கடத்துகிறான், உடனே பகிரவும்’ என்று குரல் பதிவு. அழுகின்ற குரல். பத்து வினாடி இருக்கும். மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். ‘கவனம்!’ என்று நானே ஒரு சொல்லும் சேர்த்தேன்.

படத்தில் இருந்தவர் எங்கள் தாமானுக்கு வாரம் ஒருமுறை வரும் ‘பேப்பர் லாமா’க்காரர். பழைய தாள், பழைய இரும்பு வாங்குபவர். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம். அது எனக்குத் தெரியவே இல்லை. படத்தைச் சரியாகப் பார்த்தால்தானே? வேறொரு தாமானில் அவரைச் சூழ்ந்துகொண்டு கைப்பேசியைப் பிடுங்கியிருக்கிறார்கள். போலீஸ் வந்து விசாரித்து, ஒன்றுமில்லை என்று விட்டார்களாம். அப்பா கடையில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மூன்று வாரம் அந்த லாரி எங்கள் தெருவுக்கு வரவில்லை.

நான் செய்தியை அழித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

என்னை யாரும் மிரட்டவில்லை. கிழக்கே பார்த்துக் குனியச் சொல்லவில்லை. என் பயத்தை ஒரு குரல் தொட்டது. யோசிக்கும் வேலையை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத என் கொள்ளுப்பாட்டி மாதக்கணக்கில் கோடு போட்டுச் சரிபார்த்தார். இரண்டு பள்ளி, மூன்று மொழி படித்த எனக்குப் பத்து வினாடி பொறுமை இல்லை.

இளையோர் ஏன் இந்தக் கதைகளை விரும்புகிறோம் என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் கிடைத்தது. எதிர்த்து நிற்கும் அந்தப் பெண் நாமாகத்தான் இருப்போம் என்று நம்ப ஆசைப்படுகிறோம். கதை படிப்பதால் மட்டும் அப்படி ஆகிவிட முடியாது. வில்லும் அம்பும் தேவைப்படும் நாள் நம் வாழ்வில் வராமலே போகலாம். சொன்ன சொல்லை நினைவில் வைத்திருப்பது, இரண்டாவது குரலைத் தேடிக் கேட்பது, பகிரும் முன் படத்தை ஒரு முறை நன்றாகப் பார்ப்பது. இவற்றுக்கான நாள் தினமும் வருகிறது.

அந்த விடுமுறையிலேயே லாரி வந்தது. வீட்டில் சேர்ந்திருந்த பழைய நாளிதழ்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். “அங்கிள், அந்தப் படத்தை அனுப்பினவங்கள்ல நானும் ஒருத்தி” என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தாளை எடை போட்டு, 4 ரிங்கிட் 20 சென் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

உங்கள் வீட்டில் ஒரு சுவர்

அன்பு நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். ஜப்பானியர் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் போய்விட்டால், ‘தி கிவர்’ கதையில் வரும் முதியவரைப் போல் அவர்கள் சுமக்கும் நினைவுகளை நாம் இழப்போம். கைப்பேசியில் குரல் பதிவு வசதி இருக்கிறது. ஒரு மாலை போதும். பெயர்கள், ஊர், தோட்டம், யார் எப்போது போனார்கள், என்ன சொல்லி அழைத்துப் போனார்கள் என்று கேட்டு வையுங்கள்.

நான் ஓர் எழுத்துப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்த அண்ணனின் பெயர், முழுப் பெயர், அப்பா பெயரோடு. அதன் கீழே 28 கோடுகள்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தபோது பாட்டி கேட்டார். “அந்த நெலாப் பொண்ணு புருஷன் கெடைச்சானா, இல்லியா?” பாதியில் நிறுத்தியிருந்த நாவலை எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். தமிழை இவ்வளவு நேரம் வாய்விட்டுப் படித்து எத்தனை ஆண்டாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சிபியின் பெயர் வரும் இடமெல்லாம் பாட்டி தலையைக் கொஞ்சம் முன்னே நீட்டிக் கேட்டார்.

அவன் கிடைத்தானா என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. புத்தகம் கிடைக்கிறது, நீங்களே படியுங்கள்.